பாரிஸ் ரோயிங், அதான் துடுப்பு போட்டு ரேஸ், குவாட் பைனல் பாத்தீங்களா? நம்ம கடலூர் பாண்டி பொண்ணுங்களுக்கு இது ஏன் எட்ட மாட்டேங்குது?

ஓடி மாலதி | சனி, இரவு 9.12

கிரிக்கெட் இழைக்கு நடுவுல வந்து இத போடறேன், யாரும் திட்டாதீங்க. பாரிஸ் ஒலிம்பிக்ஸ் 2024ல பொண்ணுங்க குவாட்ரபிள் ஸ்கல்ஸ் பைனல் நடந்துச்சுல்ல, ஜூலை 31ந் தேதி, அது வீடியோ இருக்கு, தேடி பாருங்க, ஆறே கால் நிமிஷம்தான். நாலு பொண்ணுங்க, ஆளுக்கு ரெண்டு துடுப்பு. நெதர்லாந்து போட்டு கிட்டத்தட்ட ரேஸ் பூரா முன்னாடியே போவுது, கமெண்ட்ரி சொல்றவரே முடிஞ்சுதுன்ற மாதிரி பேசறாரு, பிரிட்டன் போட்டு கடைசி கொஞ்ச தூரத்துல ஒட்டிக்கினே வந்து லைன்ல மூக்க நீட்டிடுச்சு. 6:16.31, நெதர்லாந்து 6:16.46. ஜெர்மனி மூணாவது. வித்தியாசம் 0.15 செகண்ட். ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து முக்கா மீட்டர் சொச்சத்துல தோக்கறதுன்னா அந்த நெதர்லாந்து பொண்ணுங்க மொகத்த பாக்க முடியல.

அந்த பிரிட்டன் நாலு பேர்ல லோலா ஆண்டர்சன்னு ஒருத்தி. சின்ன வயசுல டைரில ஒலிம்பிக் தங்கம் ஜெயிக்கறது என் கனவுன்னு எழுதிட்டு, அப்பறம் வெக்கப்பட்டு குப்பைல போட்டுட்டாளாம். அப்பா அத எடுத்து பத்திரமா வெச்சிருந்து 2019ல அவரு சாவறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி அவ கைல குடுத்தாராம். இன்னொருத்தி ஜார்ஜி பிரேஷா, பதினஞ்சு வயசுல குதிரைலேர்ந்து விழுந்து கோமால கெடந்தவ.

சரி என் கேள்விக்கு வரேன். தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு, அந்த பக்கம் நோணாங்குப்பம், வீராம்பட்டினம், இவ்ளோ கடல் இவ்ளோ ஆறு வெச்சிக்கினு நம்ம பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு இந்த போட்ல ஏறாதது ஏன்?

நெய்வேலி நிலா | சனி, இரவு 9.30

அக்கா சூப்பர் இழை. எனக்கு ஒரு பேசிக் டவுட்டு. எல்லாரும் ஏன் போற திசைக்கு முதுக காட்டி ஒக்காந்துருக்காங்க?? பிச்சாவரத்துல போட்டுக்காரர் நம்மள பாத்து தானே வலிக்கறாரு. அப்பறம் ஸ்கல்ஸ்னா என்ன, எட்டுன்னா என்ன, ஒண்ணும் புரியல 😭

அடையாறு வாசுகி | சனி, இரவு 10.05

நிலா, பிச்சாவரத்துலயும் அந்த அண்ணன் உன்ன பாத்துதான் வலிக்கறாரு, ஆனா போட்டு அவரு முதுகு பக்கம் போவுதா மூஞ்சி பக்கம் போவுதான்னு அடுத்த வாட்டி கவனி.

நான் காலேஜ் டைம்ல அடையாத்துல ரோயிங் பண்ணவ, இப்ப கல்யாணமாகி பாண்டில. தெரிஞ்சத சொல்றேன். ரோயிங்ல ரெண்டு ஜாதி. ஆளுக்கு ஒரே ஒரு நீள துடுப்பு புடிச்சா ஸ்வீப், ஆளுக்கு ரெண்டு சின்ன துடுப்பு புடிச்சா ஸ்கல்லிங். மாலதி போட்ட வீடியோ ஸ்கல்லிங் நாலு பேரு. எட்டுன்றது ஸ்வீப், எட்டு பேரு ஆளுக்கு ஒரு துடுப்பு, ஒம்பதாவதா ஒருத்தர் காக்ஸ், அவங்கதான் போற பக்கம் பாத்து ஒக்காந்து சுக்கான் புடிச்சி மைக்ல கத்தறவங்க. எட்டு போட்டு மினிமம் எடை 96 கிலோ, தலைக்கு 12 கிலோதான் வருது. காக்ஸ் 55 கிலோ இருக்கணும், கம்மியா இருந்தா மீதிக்கு வெயிட்ட போட்ல வெச்சிடுவாங்க, அதனால ஒல்லிப்பிச்சானா தேடி ஏத்த முடியாது.

எல்லாரும் கை பலம்னு நெனைக்கறாங்க. தப்பு. சீட்டுக்கு அடியில சக்கரம் இருக்கு, அது தண்டவாளத்துல முன்ன பின்ன ஓடும். கால ஷூல மாட்டி போட்டோட பிக்ஸ் பண்ணிருப்பாங்க. முட்டி மடக்கி முன்னாடி வந்து துடுப்ப தண்ணில விட்டதும் கால்ல ஒதைக்கணும், அப்பறம்தான் முதுகு, கடைசிலதான் கை. பாதிக்கு மேல பலம் தொடைலேர்ந்துதான் வரும். இத நின்னுக்கினோ நேரா பாத்துக்கினோ பண்ண முடியாது, அதான் திரும்பி ஒக்காறது.

இதுல கஷ்டம் என்னன்னா பலம் இல்ல, டைமிங்கு. கோலாட்டத்துல ஒருத்தி குச்சி தட்ட லேட்டானா பக்கத்துல இருக்கறவளுக்கு விரல்ல அடி விழும்ல, இங்க போட்டே ஒரு பக்கம் சாஞ்சி எட்டு பேருக்கும் அடி. வலிச்சிட்டு சீட்டுல முன்னாடி வரும்போது மெதுவா வரணும், அவசரமா வந்தா உங்க வெயிட்டே ஓடற போட்ட பின்னுக்கு தள்ளும். புதுசா வரவங்க எல்லாரும் அங்கதான் மாட்டுவாங்க. துடுப்பு தண்ணிக்குள்ள கோணலா மாட்டிக்கிச்சுன்னா கைப்பிடி வந்து நெஞ்சுல மோதி ஆளையே தூக்கி எறிஞ்சிடும், அத நண்டு புடிக்கறதுன்னு சொல்வாங்க. நிமிஷத்துக்கு 36, 38 வலிப்பு, ஆறு நிமிஷம். மொத்தம் 220 கிட்ட. அத்தனையும் ஒரே மாதிரி.

கெடிலம் குமார் | சனி, இரவு 10.41

நல்லா இருக்கு படிக்க. ஆனா மாலதி கேள்விக்கு பதில் ஒரே வரி: காசு. ஒரு எட்டு போட்டு கார்பன் பைபர்ல பல லட்சம், துடுப்பு தனி, அத வைக்க ஷெட்டு, கொண்டு போவ ட்ரெய்லர். மெட்ராஸ் போட் கிளப் 1867ல ஆரம்பிச்சது, யாருக்காக ஆரம்பிச்சாங்கன்னு நான் சொல்ல தேவையில்ல. துரைமார் விளையாட்டு இது. நம்ம ஊர்ல ஒரு கபடி மேட் வாங்கவே கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நிக்கணும்.

பாண்டி ரவி மாமா | சனி, இரவு 11.20

குமார் தம்பி, காசு மட்டும்னா ருமேனியா எப்பிடி ஜெயிக்குது? ஜனத்தொகை ரெண்டு கோடிக்குள்ள, ஐரோப்பால பணக்கார நாடு ஒண்ணும் இல்ல. பொண்ணுங்க எட்டுல 1996, 2000, 2004 மூணு ஒலிம்பிக்ஸ் வரிசையா தங்கம். நடுவுல அமெரிக்கா பூந்து 2006லேர்ந்து 2016 வரைக்கும் ஒலிம்பிக்ஸ், உலக சாம்பியன்ஷிப் எல்லாம் சேத்து 11 வருஷம் ஒருத்தரையும் கிட்ட விடல. டோக்கியோல கனடா. பாரிஸ்ல திரும்பவும் ருமேனியா, கனடா ரெண்டாவது, பிரிட்டன் மூணாவது. அந்த ருமேனியா போட்ல சிமோனா ராடிஷ், அன்குட்சா போட்னார்னு ரெண்டு பேர் இருந்தாங்க, அவங்க ரெண்டு நாள் முன்னாடிதான் டபுள் ஸ்கல்ஸ்ல வெள்ளி எடுத்துட்டு வந்து திரும்ப எட்டுல ஏறி தங்கம் எடுத்தாங்க. எலிசபெட்டா லிப்பான்னு ஒரு அம்மா, 1984லேர்ந்து 2004 வரைக்கும் ஆறு ஒலிம்பிக்ஸ், அஞ்சு தங்கம்.

அந்த டபுள்ஸ்ல ருமேனியாவ ஜெயிச்சது யாரு தெரியுமா? நியூசிலாந்து, புரூக் பிரான்சிஸ், லூசி ஸ்பூர்ஸ். ரெண்டு பேரும் 2022ல புள்ள பெத்தவங்க! ரெண்டு வருஷத்துல தங்கம். நம்ம ஊர்ல கல்யாண தேதி குறிச்ச அன்னிக்கே பொண்ணோட ஷூவ தூக்கி பரண்ல போடறோம்.

பழைய கதையும் சொல்லிடறேன். ஒலிம்பிக்ஸ்ல பொண்ணுங்களுக்கு ரோயிங் வந்ததே 1976 மாண்ட்ரியல்லதான். அதுவும் பொம்பளைங்களால முடியாதுன்னு ஆம்பளைங்களுக்கு வெச்சதுல பாதி, 1000 மீட்டர். 1988 சியோல்லதான் 2000 மீட்டர் ஆச்சு. போட்டி எண்ணிக்கை ஆணுக்கு 7 பொண்ணுக்கு 7ன்னு சமமானது டோக்கியோலதான்.

நெய்வேலி நிலா | ஞாயிறு, காலை 7.02

மாமா ராத்திரி பதினொன்றரைக்கு இவ்ளோ டைப் பண்ணிங்களா, மாமி திட்டலியா 😂

நான் நேத்து நைட்டு தேடி படிச்சதுல ஒண்ணு கெடச்சுது. பாரிஸ்ல பொண்ணுங்க எட்டுல பிரிட்டனுக்கு வெண்கலம் வாங்கி குடுத்த காக்ஸ் ஒரு ஆம்பளை!! ஹென்றி பீல்ட்மேன். டோக்கியோல ஆம்பளைங்க எட்டுலயும் வெண்கலம். ஆண் போட்டி பெண் போட்டி ரெண்டுலயும் ஒலிம்பிக் மெடல் எடுத்த மொத ஆளாம். இது நியாயமா?

ஓடி மாலதி | ஞாயிறு, காலை 7.40

எனக்கு நியாயமா படல. ரூல்ல எடம் இருக்கு, சரி. ஆனா எட்டு பொண்ணுங்க மூச்சு முட்ட வலிச்சு எடுக்கற மெடல்ல, அந்த ஒரே ஒரு கட்டளை போடற சீட்டுக்கு ஒரு பொண்ணு கெடைக்கலியா?

அடையாறு வாசுகி | ஞாயிறு, காலை 8.15

மாலதி, காக்ஸ் ஆணா பொண்ணான்றது போட்டோட வேகத்துக்கு ஒண்ணும் பண்ணாது, எடை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். பொண்ணுங்க போய் ஆம்பளைங்க போட்ல காக்ஸா ஒக்காரவும் அதே ரூல்தான் கதவ தொறந்து விட்டுச்சு. நான் அடையாத்துல இருந்தப்ப எங்க எட்டுக்கு காக்ஸா வந்த பையன் எங்கள விட நல்லா தெரிஞ்சவன், அவன் குரல் கேட்டாலே துடுப்பு தானா எறங்கும்.

கெடிலம் குமார் | ஞாயிறு, காலை 9.10

டீம்னு பேசறோம், அப்ப 2004 ஏதென்ஸ் கதைய யாரும் எடுக்கலியே. ஆஸ்திரேலியா பொண்ணுங்க எட்டு, ஒலிம்பிக் பைனல். முடிவுக்கு சில நூறு மீட்டர் இருக்கறப்ப ஒருத்தி துடுப்ப விட்டுட்டு பின்னாடி இருக்கறவ மடில அப்பிடியே சாஞ்சிட்டா. போட்டு கடைசி. நாட்டுல பேப்பர் பேப்பரா கிழிச்சாங்க. நீங்க சொல்ற டைமிங்கு, ஒத்துமை எல்லாம் ஒருத்தி படுத்தா போச்சு. நாலு வருஷம் உழைச்ச மத்த ஏழு பேருக்கு யாரு பதில் சொல்றது?

பாண்டி ரவி மாமா | ஞாயிறு, காலை 9.45

அந்த பொண்ணு வேணும்னா படுத்தா? ஒடம்பு நின்னு போச்சு தம்பி. அவளுக்கு அதுக்கு முன்னாடியும் ஒரு வாட்டி அப்பிடி ஆயிருக்கு, தெரிஞ்சேதான் போட்ல ஏத்தினாங்க. அப்ப செலக்ட் பண்ணவன விட்டுட்டு அவளயே கிழிச்சது எந்த ஊர் நியாயம்?

கெடிலம் குமார் | ஞாயிறு, காலை 9.58

முடியலன்னா துடுப்ப தண்ணிக்கு மேல தூக்கி வெச்சிக்கினு ஒக்காரலாம் மாமா, சாய வேண்டியதில்ல.

அடையாறு வாசுகி | ஞாயிறு, காலை 10.20

குமார் அண்ணே, ஒரு தடவ எர்க் மெஷின்ல, அதான் ஜிம்ல இருக்கற ரோயிங் மெஷின், 2000 மீட்டர் முழு வேகத்துல வலிச்சிட்டு வந்து இத எழுதுங்க. 1200 மீட்டர் தாண்டினதும் தொடைல நெருப்பு வெச்ச மாதிரி ஆவும், கண்ணு ஓரத்துல கருப்பா வரும், வாய்ல இரும்பு ருசி. முடிச்சிட்டு பக்கெட்ல வாந்தி எடுக்காத ரோயர நான் பாத்ததில்ல. அந்த எடத்துல தூக்கி வெச்சிக்கினு ஒக்காரலாமான்னு யோசிக்கற மூளை வேலை செய்யாது.

ஓடி மாலதி | ஞாயிறு, காலை 10.50

இழை ஆஸ்திரேலியா போயிடுச்சு, கடலூருக்கு திரும்புவோம். இந்தியா கதைய பாருங்க. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டுல ஒடிசா பொண்ணுங்க பிரதிமா புஹானா, பிரமிளா பிரவா மின்ஸ் ரெண்டு பேரும் சேந்து ஆளுக்கு ஒரு துடுப்பு புடிக்கற ரெண்டு பேர் போட்டில வெண்கலம் எடுத்தாங்க. பொண்ணுங்க ரோயிங்ல நமக்கு ஆசிய விளையாட்டுல மொத மெடல். அதுக்கப்பறம்? இஞ்சியான் இல்ல, ஜகார்த்தா இல்ல, ஹாங்சோல இந்தியாவுக்கு ரோயிங்ல 5 மெடல் வந்துச்சு, அஞ்சும் ஆம்பளைங்க. ஒலிம்பிக்ஸ்ல இந்தியா 2000லேர்ந்து ரோயிங் ஆள் அனுப்புது, பாரிஸ் வரைக்கும் ஒரு பொண்ணு கூட போனதில்ல.

எனக்கு தோணறது, மீனவ ஊர்ல இருக்கற பொண்ணுங்கள எடுத்து ட்ரெயினிங் குடுத்தா போதும். ரத்தத்துலயே இருக்கும்ல கடல்.

சிங்காரத்தோப்பு அருள் | ஞாயிறு, மதியம் 1.35

மாலதி அக்கா கோச்சிக்காதீங்க, இந்த ரத்தத்துல கடல் கதைய எங்க கிட்ட வரவங்க எல்லாரும் சொல்றாங்க. எங்க பக்கம் பொம்பளைங்க போட்ல ஏற மாட்டாங்க. ஏத்தவும் மாட்டோம். எங்கம்மா நாப்பது வருஷமா மீன் வித்துது, விடிகாலைல ஏலம் எடுத்து கூடைய தலைல தூக்கினு மஞ்சக்குப்பம், திருப்பாப்புலியூர்னு தெரு தெருவா நடந்துச்சு, ஒரு நாள் கூட கடல்ல போனதில்ல. ரத்தத்துல கடல் இருந்தா அதுக்கும் இருக்கணும்ல.

இன்னொண்ணு, இப்ப எவன் துடுப்பு வலிக்கறான்? எல்லாம் பைபர் போட்டு, எஞ்சின். எங்கப்பா காலத்துல கட்டுமரத்துல தண்டு வலிச்சி போவாங்க, பாய் கட்டுவாங்க, வாடை காத்துக்கு எப்பிடி போறது கச்சான் காத்துக்கு எப்பிடி திரும்பறதுன்னு தெரியும். என் வயசு பசங்களுக்கு எஞ்சின் மக்கர் பண்ணா போன் பண்ணதான் தெரியும். துடுப்பு ஒண்ணு போட்ல கெடக்கும், கரைல தள்றதுக்கு.

கால் பலம்னு அந்த அக்கா சொன்னாங்கல்ல, அது வேணா ஒத்துக்கறேன். எங்கம்மா கூடைய தூக்கினு நடந்த கால், அத விட பலமான கால் எந்த நாட்டுக்காரிக்கும் இருக்காது.

பாண்டி ரவி மாமா | ஞாயிறு, மதியம் 2.10

அருள் சொல்றது நூத்துக்கு நூறு. தத்து போக்கனல் தெரியுமா? நாசிக் பக்கத்துல தண்ணியே இல்லாத வறட்சி ஊரு, அப்பா கூட கெணறு வெட்டற வேலை பாத்தவரு. ராணுவத்துல சேந்தப்பறம்தான் துடுப்ப தொட்டாரு, ஆரம்பத்துல தண்ணிய பாத்தாலே பயமாம். 2016 ரியோல ஒலிம்பிக்ஸ் போனாரு, 2018 ஆசிய விளையாட்டுல நாலு பேர் போட்ல தங்கம். ஆளுக்கு உயரமும் கால் பலமும் இருந்துச்சு, புனேல ராணுவ ரோயிங் சென்டர் இருந்துச்சு, சாப்பாடும் சம்பளமும் இருந்துச்சு. கடல் இல்ல.

பிரிட்டன்ல ஹெலன் குளோவர்னு ஒரு பொண்ணு, 2008ல ஒயரமான ஆளுங்கள தேடற ஒரு திட்டத்துல சேரப் போயி, ஒயரம் கொஞ்சம் கம்மியா இருக்கேன்னு அளக்கறப்ப குதிகால தூக்கிக்கினு நின்னுதாம். நாலே வருஷத்துல லண்டன்ல தங்கம்.

நெய்வேலி நிலா | ஞாயிறு, மதியம் 2.25

குதிகால தூக்கி நின்னா அளக்கறவங்களுக்கு தெரியாதா மாமா, எங்க என்சிசி செலக்‌ஷன்ல சார் குச்சி வெச்சி அடிப்பாரு

அடையாறு வாசுகி | ஞாயிறு, மாலை 4.40

உயரம் பத்தி பேச்சு வந்ததால என் மனசுல இருக்கறத கொட்டிடறேன். நம்ம பொண்ணுங்க சராசரிக்கு ஏத்த மாதிரி ஒரு பிரிவு இருந்துச்சு, லைட்வெயிட். பொண்ணுங்களுக்கு 59 கிலோவுக்கு மேல போவக்கூடாது. ஒலிம்பிக்ஸ்ல அத பாரிஸோட எடுத்துட்டாங்க. எட்டுலயும் குவாட்லயும் மேல் மட்டத்துல ஜெயிக்கறவங்க 180 சென்டிமீட்டர் கிட்ட இருப்பாங்க, கை கால் நீளம்னா ஒவ்வொரு வலிப்பும் நீளம். ஆசியாக்காரங்களுக்கு இருந்த ஒரு ஜன்னலயும் சாத்திட்டாங்கன்னுதான் நான் சொல்வேன். சீனா மாதிரி தேடி எடுத்தா முடியும், டோக்கியோல குவாட்ல சீனா பொண்ணுங்க 6:05.13ல தங்கம் எடுத்தாங்க. நாம தேடறதே இல்ல.

ஆனா லைட்வெயிட் போன எடத்துல 2028 லாஸ் ஏஞ்சல்ஸ்ல புதுசா ஒண்ணு வருது, பீச் ஸ்பிரிண்ட். இது நம்ம ஊருக்கு பாருங்க. மணல்ல ஓடி வரணும், இடுப்பளவு தண்ணில ரெண்டு பேர் போட்ட புடிச்சிக்கினு நிப்பாங்க, அதுல தாவி ஏறி, 250 மீட்டர் கடலுக்குள்ள மிதவைங்கள வளைஞ்சு வளைஞ்சு போயி, சுத்தி, நேரா 250 மீட்டர் திரும்பி வந்து, குதிச்சு, ஓடி பஸ்ஸர அடிக்கணும். ரெண்டு ரெண்டு பேரா நாக்அவுட். போட்டு அகலம், கனம், ஒத்தை ஆள் போட்டே 6 மீட்டர் 35 கிலோ. அலைல கவுறாம இருக்கத்தான் அப்பிடி.

கெடிலம் குமார் | ஞாயிறு, மாலை 5.15

இதுல பொண்ணுங்க டீம் எங்க இருக்கு? தனி ஆள், அப்பறம் ஆணும் பொண்ணும் சேந்து ரெண்டு பேர், அவ்ளோதானே ஒலிம்பிக்ஸ்ல. மாலதி ஆரம்பிச்சது டீம் பத்தி.

ஓடி மாலதி | ஞாயிறு, மாலை 5.30

கதவுல கால் வைக்க ஒரு சந்து கெடச்சா போதும் குமார் அண்ணே.

சிங்காரத்தோப்பு அருள் | ஞாயிறு, மாலை 6.50

வாசுகி அக்கா சொன்ன இந்த போட்டி எனக்கு புரியுது. கரைலேர்ந்து போட்ட எறக்கறதுதான் எங்க தொழில்ல பாதி ஆபத்து. ஒடையற அலைய பாத்துக்கினே நிப்போம். பெருசா ரெண்டு மூணு சேந்தாப்புல வரும், அப்பறம் கொஞ்சம் அடங்கும், அந்த அடங்கற நேரத்துல அணியத்த, அதான் போட்டோட முன்பக்கத்த, நேரா அலைக்கு வெச்சி ஓடி தள்ளி ஏறணும். கொஞ்சம் பக்கவாட்டா திரும்புச்சு, அலை போட்ட உருட்டி உங்க மேலயே போட்டுடும், இடுப்பு ஒடஞ்சவங்க எங்க தெருலயே இருக்காங்க. திரும்பி வரப்ப அலை முதுகுல ஏறி வரணும், அலை மூக்குல வரக்கூடாது. இத எந்த கோச்சும் சொல்லி குடுக்க முடியாது, எங்க பெருசுங்க சொல்லி குடுக்கும், கூலி வேணாம், ஒரு டீ போதும்.

ஆனா வெள்ளி கடற்கரைல வெக்காதீங்க. அங்க இழுப்பு ஜாஸ்தி, வருஷா வருஷம் குளிக்க வந்த புள்ளைங்க சாவுது. மீன்பிடி தடைக்காலத்துல, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், பெரிய போட்டு எல்லாம் கட்டி கெடக்கும், பசங்களும் சும்மா இருப்பாங்க, அப்ப ஏதாவது பண்ணலாம்.

பாண்டி ரவி மாமா | ஞாயிறு, இரவு 8.05

நேர் தண்ணி போட்டிக்கு எடம் எங்க இருக்குன்னும் பாத்துடுவோம். ஊசுடு ஏரி பறவைகள் சரணாலயம், அங்க போட்டு விட்டா மொத ஆளா நானே எதிர்ப்பேன். சுண்ணாம்பாறு இருக்கு, ஆனா டூரிஸ்ட் போட்டு அலை அடிச்சிக்கினே இருக்கும், காலைல எட்டு மணிக்கு முன்னாடி முடிச்சா ஒழிய ஆவாது. உப்பனாத்துல நான் கால் வைக்க மாட்டேன், அந்த தண்ணி நெறத்த பாத்தவங்களுக்கு தெரியும். கெடிலத்துல மழைக்காலம் போனா முட்டி அளவு. வீராணம் நீளம் 16 கிலோமீட்டர், ரெண்டு கிலோமீட்டர் நேர் கோடு எங்க வேணா போடலாம், ஆனா அது மெட்ராஸ் குடிக்கற தண்ணி, பாசனம், கோடைல வத்திடும், பர்மிஷன் வாங்கறதுக்குள்ள பொண்ணுங்களுக்கு பேரன் பொறந்துடும்.

லாஸ் ஏஞ்சல்ஸ்ல கூட 2000 மீட்டர் எடம் இல்லாம 1500தான் வெக்கறாங்க, அதனால நாம ரொம்ப வெக்கப்பட வேண்டாம்.

கெடிலம் குமார் | ஞாயிறு, இரவு 8.30

கேரளால ஆலப்புழைல சாய் சென்டர் இருக்கு, மத்திய அரசு விளையாட்டு ஆணையத்தோடது, அங்க நடக்கற நேரு டிராபி வள்ளம் ரேஸ்லயே பொண்ணுங்களுக்கு தெக்கனோடி வள்ளம்னு தனி போட்டி இருக்கு. அவங்க ஊர்ல பொண்ணு துடுப்பு புடிச்சா ஊரே கைதட்டும். நம்ம ஊர்ல?

தாழங்குடா செல்வி | ஞாயிறு, இரவு 9.20

ரொம்ப நேரமா படிச்சிக்கினு இருக்கேன், இப்பதான் எழுதறேன். நான் மீனவ குடும்பம்தான். காலேஜ் கபடி டீம், இப்ப போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிக்கினு இருக்கேன். அருள் அண்ணன் சொன்னது உண்மை, எங்க போட்ல நான் ஏறினதே மாசி மகத்துக்கு சாமி போறப்ப சின்ன வயசுல ஒரு வாட்டி.

நீங்க எல்லாரும் காசு, ஏரி, உயரம்னு பேசறீங்க. எங்களுக்கு பிரச்சனை அதுக்கு முன்னாடியே ஆரம்பிக்குது. காலைல அஞ்சரைக்கு கிரவுண்டு போனா பாத்ரூம் கெடையாது. நான் படிச்ச ஸ்கூல்ல பிடி பீரியட்ல பொண்ணுங்கள மரத்தடில ஒக்கார வெப்பாங்க. வெயில்ல ஓடினா கருத்து போவ, மாப்ள வீட்ல கேப்பாங்கன்னு அத்தை சொல்லும், அந்த அத்தை வெயில்லயே கருவாடு காயப் போடுது. ரோயிங் டிரஸ் போட்டோ பாத்தேன், ஒட்டினாப்புல இருக்கற ஒரே துணி, அத போட்டுக்கினு எங்க தெரு வழியா நான் நடந்து போனேன்னா அன்னிக்கே பஞ்சாயத்து கூடிடும். மேல ஒரு டி ஷர்ட் போட்டுக்க விடுவாங்களா வாசுகி அக்கா?

இதெல்லாம் தாண்டி எனக்கு ஆசையா இருக்கு. எட்டு பேரு ஒண்ணா வலிக்கற வீடியோ பாத்தேன், ருமேனியா. சத்தமே இல்லாம போறாங்க, துடுப்பு எட்டும் ஒண்ணா எறங்கறப்ப மட்டும் ஒரு டப்புன்னு. கபடில ஒருத்தி தப்பு பண்ணா மத்தவ காப்பாத்தலாம், இதுல அது இல்லன்னு தோணுது.

எனக்கு உயரம் 172. வயசு 20. லேட்டா?

அடையாறு வாசுகி | ஞாயிறு, இரவு 9.48

செல்வி!! 172 கபடிக்காரி, கால் பலம் இருக்கும், 20 வயசு. ஹெலன் குளோவர் துடுப்ப தொட்டதே இருபதுக்கு மேலதான். லேட்டே இல்ல.

டிரஸ் பத்தி கவலைய விடு, ட்ரெயினிங்ல டி ஷர்ட் ஷார்ட்ஸ் போட்டுக்கலாம், லெக்கிங்ஸும் போடலாம், ரேஸ் அன்னிக்குதான் டீம் முழுக்க ஒரே டிரஸ். போட்டு தேடி இப்பவே அலைய வேணாம். பாண்டில ஏதாவது ஜிம்ல ரோயிங் மெஷின் இருக்கும், மொதல்ல 500 மீட்டர் மெதுவா வலிச்சி பழகு, முதுகு வளையாம, கால்லேர்ந்து. நான் வந்து சொல்லி தரேன், அதுக்கு காசு பேச்சே வேணாம். பழகினப்பறம் 2000 மீட்டர் ஒரு டைம் எடுப்போம். ஒலிம்பிக்ஸ் ஜெயிக்கற பொண்ணுங்க அத ஏழு நிமிஷத்துக்குள்ள முடிப்பாங்க, உனக்கு மொத வாட்டி ஒம்பது வந்தாலே நான் சென்னைல தெரிஞ்சவங்க கிட்ட பேசுவேன். அங்க அடையாத்துல, போரூர் பக்கம் எல்லாம் ஸ்டேட் லெவல் ஆளுங்க ட்ரெயின் பண்றாங்க.

ஒரே ஒரு கண்டிஷன். நீச்சல் தெரியணும். தெரியாம ஒருத்தரும் உன்ன போட்ல ஏத்த மாட்டாங்க, ஏத்தவும் கூடாது. தெரியும்ல?

தாழங்குடா செல்வி | ஞாயிறு, இரவு 9.55

தெரியாதுக்கா. எங்க வீட்ல தம்பிக்கு தெரியும், எனக்கு கத்து குடுக்கல.

நெய்வேலி நிலா | ஞாயிறு, இரவு 9.57

கடல் பக்கத்துல பொறந்து நீச்சல் தெரியாதா?? நான் நிலக்கரி ஊரு, எனக்கு தெரியும் 😳

சிங்காரத்தோப்பு அருள் | ஞாயிறு, இரவு 10.10

நிலா அதத்தான் மதியம் நான் சொன்னது. எங்க தெருவுல பாதி பொம்பளைங்களுக்கு தெரியாது. சுனாமிலயே யாரு ஜாஸ்தி போனாங்கன்னு எங்க ஊர்ல வந்து கேட்டு பாரு.

செல்வி தங்கச்சி, கடல்ல கத்துக்காத, அலைல ஆரம்பிச்சா பயம்தான் வரும். மொதல்ல நீச்சல் குளம். அப்பறம் நம்ம ஆத்து முகத்துவாரத்துல என் சம்சாரம் கூட வரும், அதுக்கும் கத்துக்கணும்னு ரொம்ப நாளா கேட்டுனு இருக்கு.

தாழங்குடா செல்வி | ஞாயிறு, இரவு 10.18

சரிண்ணே. கடலூர்லயோ பாண்டிலயோ பொண்ணுங்களுக்கு தனி டைம் இருக்கற குளம் எது? பொம்பள கோச் இருந்தா அம்மா கிட்ட கேக்கறது சுலபம். சாயந்தரம் ஆறு மணிக்குள்ள பஸ்ஸ புடிச்சி வீட்டுக்கு வந்துடணும்.

கெடிலம் குமார் | ஞாயிறு, இரவு 10.31

பாண்டில என் பொண்ணு போற குளத்துல லேடீஸ் பேட்ச் இருக்கு, சொல்லி குடுக்கறதும் ஒரு பொம்பளதான். நாளைக்கு பீஸ், டைம் ரெண்டும் கேட்டு இங்கயே போடறேன். அருள், உன் வீட்டுக்காரம்மா பேரையும் சேத்து கேக்கட்டா?